முன் சீட்டில் யாரும் ஏறக் கூடாது

இடது பக்க சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் அங்கே இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று டேஷ்போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

சுலக்ஷனா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொகவந்தலாவைக்கு மேலே உள்ள தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் கூட்டம் முடிந்து, மாலை நாலு மணிக்கு, விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த மழையில், தேயிலை மலைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு இறங்கிய மூடுபனிக்குள் விளக்கைப் போட்டபடி, நோர்வூட்டில் இருக்கும் வீட்டுக்குத் தனியாக வந்துகொண்டிருந்தாள். சீட்டில் கனமான பையை வைத்தாலே அந்த விளக்கு எரியும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பை பின்னால் இருந்தது. கையை நீட்டிச் சீட்டைத் தடவிப் பார்த்தாள். ஜன்னல் மூடியிருந்தும் துணி சில்லென்று ஈரமாக இருந்தது. பிறகு மணி அடிக்கத் தொடங்கியது. டிங். டிங். டிங். பெல்ட் போடும் வரைக்கும் அது விடாது.

எட்டு மாதமாகவே அந்த சீட்டு அவளுக்குத் தலைவலிதான். கொழும்பிலிருந்து கார் கம்பனி ஒரு பதிவுக் கடிதம் அனுப்பியிருந்தது. முன் இடது பக்க எயார் பேக்கை ஊதவைக்கும் இரும்புக் குப்பியில் பழுது இருக்கிறது. கார் எங்காவது மோதினால் குப்பியும் சேர்ந்து வெடித்து, அந்த சீட்டில் இருப்பவர் முகத்தில் இரும்புத் துண்டுகள் பாயலாம். ஈரப்பதம் கூடிய ஊர்களில் ஆபத்து அதிகம். இலவசமாக மாற்றித் தருவோம். ஆனால் மாற்ற வேண்டிய பாகம் தற்போது கையிருப்பில் இல்லை. அதுவரை அந்த சீட்டில் எவரையும் ஏற்ற வேண்டாம். ஈரப்பதம் கூடிய ஊராம். இங்கே துவைத்த பாவாடை காய மூன்று நாள் ஆகிறது.

"வித்துத் தொலைச்சிருவோம்" என்று அவள் கணவன் நிரோஷன் அன்றே சொன்னான்.

"வாங்குறவன் மட்டும் சாகலாமா? இது என் கார். நான்தான் ஓட்டுவேன்."

அதில் அவளால் விட்டுக்கொடுக்கவே முடியாது. தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளை, அதுவும் பொம்பளை, சொந்தக் கார் ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தபோது சிரித்தவர்களை அவள் மறக்கவில்லை. கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டு அறைக்குள் வைத்தாள். தினமும் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுப் பிள்ளைகள் மூன்று பேரைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிடுவாள். முன் சீட்டை மட்டும் எவருக்கும் கொடுப்பதில்லை. பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத பாதையில், மழையில் நனைந்துகொண்டு நடப்பவர்களைத் தாண்டி, காலியான சீட்டோடு போவது லேசான காரியமில்லை. முதுகில் குத்துகிற பார்வைகள் அவளுக்குப் பழகிவிட்டன.

பேச்சியம்மாவையும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனாள்.

அன்று நல்ல மழை. பேச்சியம்மா கொழுந்து எடுக்கிற பெண். அறுபதைத் தொடவில்லை, ஆனால் இழுப்பு நோய். தலையில் நனைந்த கம்பளியைப் போட்டுக்கொண்டு வளைவில் நின்று கையைக் காட்டினாள். நெஞ்சுக்குள் விசில் ஊதுவது காருக்குள் கேட்டது.

"டிஸ்பென்சரி வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போங்க டீச்சர். மூச்சு எடுக்க முடியல."

"பின்னுக்கு இடமில்லைங்க. முன்னுக்கு ஏறக் கூடாது, உயிருக்கு ஆபத்து. பின்னாலயே பஸ் வருது."

"எனக்கு வராத ஆபத்தா?" என்று பேச்சியம்மா சிரித்தாள்.

பஸ் வரவில்லை. மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு ஆட்கள் கூடும் நேரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குக் கீழே மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் அவளைக் கண்டெடுத்தார்கள். செத்த வீட்டில் அவள் மகள் வேலாயி, எல்லோருக்கும் முன்னால், சத்தம் போடாமல் கேட்டாள்.

"சீட்டு காலியாத்தான டீச்சர் இருந்துச்சு?"

"கடிதம் இருக்கு. காட்டவா?" என்றாள் சுலக்ஷனா. சொன்னபிறகு அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. ஆனாலும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தாள். ஏற்றியிருந்து, கார் எங்காவது முட்டி, அந்த முகம் சிதறியிருந்தால் இதே வாய்கள் என்ன சொல்லியிருக்கும்? செய்தது சரி. சரிதான்.

கருமாதி முடிந்த மறுநாள் அந்த விளக்கு எரிந்தது.

டிங். டிங். டிங்.

காரை ஓரமாக நிறுத்தினாள். மணியை அடக்க எல்லோரும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். காலிச் சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் மாட்டினாள். "இருக்கணும்னா பெல்ட்டப் போட்டுக்கிட்டு இருங்க" என்று எரிச்சலோடு சொன்னாள். மணி நின்றது.

பெல்ட் சீட்டில் தொய்ந்து விழவில்லை. சீட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, நெஞ்சு இருக்க வேண்டிய உயரத்தில், விறைத்து நின்றது. பிறகு மிக லேசாக ஏறியது. இறங்கியது. ஏறியது.

வீடு வரும் வரை அவள் இடது பக்கம் திரும்பவில்லை.

அதன்பிறகு காருக்குள் வாசம் வந்தது. நனைந்த கம்பளியின் வாசம், அதனடியில் வேர்வை, வெற்றிலை, கையில் ஊறிய பச்சைக் கொழுந்துச் சாறு. ஹீட்டரைப் போட்டால் கூடியது. இடது பக்கக் கண்ணாடியில் மட்டும் உள்ளேயிருந்து ஆவி படர்ந்தது. துடைத்தால் மறு வளைவுக்குள் திரும்பப் படர்ந்தது. பிரேக் பிடித்தால் பெல்ட் இறுகி, முன்னால் சாய்ந்த ஏதோ ஒரு பாரத்தைப் பிடித்து நிறுத்தி, மெல்ல விட்டது. எஞ்சின் அடங்கி ஓடும் இறக்கங்களில் அந்த விசில் கேட்டது. ஒருநாள் கொக்கியின் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். பொத்தான் உள்ளே போனது. பெல்ட் விடவில்லை.

பிள்ளைகள் மூன்று பேரும் வலப்பக்கக் கதவோரமாக நெருக்கியடித்துக்கொண்டு உட்காரத் தொடங்கினார்கள்.

"முனியாண்டி கோயில்ல ஒரு சேவல் குடுத்துருவோமா?" என்று நிரோஷன் கேட்டான். அவன் ஒருமுறை காருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பஸ்ஸில்தான் வேலைக்குப் போனான்.

"தப்பு செஞ்சவதான் சேவல் அறுக்கணும். நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"அப்ப பயமில்லையா ஒனக்கு?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக எறங்கி நடக்கணுமா?"

கொழும்புக் கார் கம்பனிக்கு மறுபடி போன் கோல் எடுத்தாள். அங்கே ஒரு பெண் தமிழில் பேசினாள்.

"பார்ட் இன்னும் வரல மிஸ். வந்தா நாங்களே கோல் பண்றோம். முன்னுக்கு யாரும் ஏறுறது இல்லதானே?"

"ஏறிட்டாங்க" என்றாள் சுலக்ஷனா.

"யாரு மிஸ்?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வரும்போது பாதையே தெரியவில்லை. பனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது; வைப்பர் இரண்டும் கீச்சிட்டுக்கொண்டு அதை வழித்தெடுக்க, ஆறடித் தூரத்துக்கு மட்டும் ஈரத் தார் தெரிந்து மறைந்தது. அதே வளைவில் யாரோ நின்று கையைக் காட்டினார்கள். தலையில் கம்பளி. சுலக்ஷனாவின் கால் தானாக பிரேக்கில் விழுந்தது. பெல்ட் இறுகியது.

கம்பளிக்குள் வேலாயியின் முகம் இருந்தது. கையில் கத்தி வெட்டு. துணியைச் சுற்றியிருந்தாள், துணி முழுக்கச் சிவந்திருந்தது.

"தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டயில கத்தி பட்டுருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள். முன் கதவின் பிடியில் கையை வைத்தாள். "இன்னைக்கும் ஏலாதுன்னா சொல்லிருங்க. நடந்துக்கிறேன்."

"முன்னுக்கு வேணாம்" என்றாள் சுலக்ஷனா. "சத்தியமா வேணாம். பின்னுக்கு ஏறுங்க."

வேலாயி பின் கதவைத் திறந்தாள். பிள்ளைகள் மூன்று பேரும் வலப்பக்கம் ஒண்டியிருந்தார்கள். இடப்பக்கம், முன் சீட்டுக்கு நேர் பின்னால், ஒரு பெரிய ஆள் தாராளமாக உட்கார இடம் இருந்தது. வேலாயி அந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

கார் நகர்ந்தது.

"இவ்வளவு எடம் இருக்கே டீச்சர்" என்றாள் வேலாயி.

"அன்னைக்கு எனக்குத் தோணல."

பொய். அன்றைக்குத் தோன்றியது. பிள்ளைகளை ஒதுங்கச் சொல்ல வாயைத் திறக்கக்கூடச் செய்தாள். பிறகு அந்த ஊறிய கம்பளியையும் சேறு படிந்த கால்களையும், அதற்கு முந்தின வாரம் போட்ட புதுச் சீட்டுக் கவரையும் பார்த்தாள். கடிதம் கைகொடுத்தது. அவ்வளவுதான் நடந்தது. இத்தனை நாளாக அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தது அதை மூடி மறைக்கத்தான்.

பக்கத்தில் விசில் நின்றது.

அப்படியே நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்களே, அப்படி.

"எறங்குங்க" என்றாள் சுலக்ஷனா, இடது பக்கம் பார்த்து. "என்னை என்ன செய்யணுமோ செய்ங்க. பிள்ளைங்க இருக்காங்க. எறங்குங்க."

"யார்கிட்ட டீச்சர் பேசுறீங்க?"

பனிக்குள் இரண்டு விளக்குகள். பஸ். பாதையின் நடுவில். அவள் இடப்பக்கம் ஒடித்தாள். டயர் வழுக்கியது. முன்னால் கல்லுக்கட்டுச் சுவர்.

பெரிய மோதல் இல்லை. ஆனால் உள்ளே ஒரு வெடி. காது அடைத்தது. நெஞ்சில் ஒரு குத்து. வெள்ளை.

எல்லாம் வெள்ளை.

பஸ் நிற்காமல் போய்விட்டது. பிள்ளைகள் அழுதார்கள். அழுகிறார்கள், அப்படியென்றால் உயிரோடு இருக்கிறார்கள்.

"வேலாயி?"

"இருக்கேன் டீச்சர். ஒண்ணும் ஆகல. பிள்ளைகளுக்கும் ஒண்ணுமில்ல."

அவள் முன்னால் எயார் பேக் சுருங்கித் தொங்கியது. இடது பக்கத்துப் பை கிழிந்து கந்தலாகியிருந்தது. குப்பி வெடித்திருந்தது. கடிதத்தில் சொன்னது போலவே. ஆனால் சீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தலை சாய்க்கும் மெத்தையில் ஓட்டை இல்லை. அதற்கு நேர் பின்னால் வேலாயி பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பைகளிலிருந்து கிளம்பியிருந்த வெள்ளைத் தூள் மெல்ல இறங்கியது.

இரும்புத் துண்டுகள் காற்றில் நின்றன. மெத்தைக்கு ஒரு சாண் முன்னால். ஒன்பது துண்டுகள். எதிலும் தொங்காமல். எதையும் தொடாமல். கண்ணுக்குத் தெரியாத எதிலோ கூர் உள்ளே போன நிலையில்.

தூள் அவற்றைச் சுற்றிப் படிந்தது. ஒரு நெற்றி. அதற்கு மேலே கம்பளியின் மடிப்பு. மூக்கு. ஒட்டிய கன்னங்கள். இரண்டு துண்டுகள் கண்கள் இருக்கும் இடத்தில்.

முகம் திரும்பத் தொடங்கியது. முதலில் பின்பக்கம், வேலாயியின் பக்கம். அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, அவசரமே இல்லாமல், சுலக்ஷனாவின் பக்கம்.

அவள் கதவைத் திறக்கவில்லை. கண்ணை மூடவில்லை. பாருங்க, என்று நினைத்தாள். நான்தான். நல்லாப் பாருங்க.

இரும்பு குத்தி நின்ற இடங்களுக்குக் கீழே, வாய் இருக்க வேண்டிய இடத்தில், தூள் மெதுவாகப் பிளந்தது.