மாரித்தாயின் வரிசை

ஆளே இல்லாத வாசலைப் பார்த்து மெஷின், "மாரித்தாய், வெளியே" என்றது.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த ரைஹானா தலையைத் தூக்கிப் பார்த்தாள். மணி மூன்று. வண்டு மருந்து வைக்கிற நாள் என்பதால் எல்லாரையும் சீக்கிரமே விட்டிருந்தார்கள். வாசலுக்கு எதிரே வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவரில் வேப்பமர நிழல் அசைந்துகொண்டிருந்தது. வெயிலில் தார் இளகிக் கிடந்த திருவேங்கடம் ரோட்டில் டவுன் பஸ் ஒன்று முக்கி முனகிப் போக, அது கிளப்பிய புழுதி கம்பிக் கதவைத் தாண்டி வந்து, குடோனின் உளுந்துத் தூசியோடு கலந்து அவள் தொண்டையில் ஒட்டியது. மாரித்தாய் அக்கா அதற்குள் படியிறங்கிப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

முகம் பார்த்து ஆள் வருகையைப் பதிகிற அந்தப் பெட்டியை வாசலில் மாட்டியவளே ரைஹானாதான். மூன்று மாதமாயிற்று. லட்சம் முகம் தாங்குகிற பெட்டியை முப்பத்தெட்டு பேருக்காக வாங்கி வைத்த பெருமை முதலாளிக்கு. சாதாரணக் கம்ப்யூட்டர் என்றால் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிடும். இதில் நினைவகமே ஒப்பிடும். ஆளுக்கு ஒரு வரிசை; அதில் வாய், மூக்கு, கண் என்று ஒவ்வொன்றுக்கும் சில கட்டங்கள். வாசலில் ஒரு முகம் வந்து நின்றால் எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் அதைத் தன்னோடு பொருத்திப் பார்க்கும். பொருந்துகிற வரிசை மட்டும் கை தூக்கும். பல வரிசை கை தூக்கினால் அதிகம் பொருந்துகிறதே கணக்கு. கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது.

ஆனால் தூசிக்குப் பயந்து முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு வருகிற பெண்களைக் கண்டால் அது திணறியது. துண்டை அவிழ்த்துக் காட்டிவிட்டுத் திரும்பக் கட்ட ஆளுக்கு ஒரு நிமிடம் வீணாகிறதாம். மேனேஜர் ஆவுடையப்பனுக்கு அது பொறுக்கவில்லை. மெஷின் மறுத்தால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போ. பனவடலிசத்திரத்திலிருந்து விடிகாலையில் கிளம்பி வருகிற மாரித்தாயை ஒரே வாரத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார். அவருக்கு மெஷின் சாமி, மனுஷி மூட்டை.

ரைஹானாவுக்கு அது அநியாயமாகப் பட்டது. அவரோடு மல்லுக்கட்டப் பயம். அதனால் யாருக்கும் தெரியாமல் மாரித்தாயின் வரிசையைத் திருத்தினாள். வாய்க்கு உரிய கட்டங்களை அழித்து, 'எதுவானாலும் சரி' என்று மாற்றினாள். அடுத்த வாரம் மூக்கு. பிறகு கன்னம், பிறகு நெற்றி. ஒவ்வொரு முறையும் மாரித்தாய் தடையில்லாமல் உள்ளே போனாள். ஒவ்வொரு முறையும் ரைஹானா தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

போன திங்கட்கிழமை மாரித்தாய் கண்ணாடி அறைப் பக்கம் வந்து நின்றாள்.

"ஏ பிள்ள, மூஞ்சி மரத்துப்போயிருக்கு. தொட்டுப் பாத்தா என் மூஞ்சி மாதிரியே தெரியல."

"தூசிதான்க்கா. வெந்நில கழுவிட்டுப் படுங்க."

அதற்குப் பிறகு மாரித்தாய் பேசி அவள் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில்கூடத் துண்டை அவிழ்க்காமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். இன்று காலையிலும் மெஷின் மறுத்தது. ஆவுடையப்பன் எல்லார் முன்னாலும், "மாட்டுக்குக்கூட அடையாளம் இருக்கு, ஒனக்கு இல்லையே" என்று கத்தினார். ரைஹானாவுக்கு அடக்க முடியாத கோபம். அந்தக் கோபத்தில், மிச்சமிருந்த கண்களையும் அழித்துவிட்டாள். மெஷின் உடனே மாரித்தாயை உள்ளே விட்டது.

மூன்றே காலுக்கு, வண்டு மருந்து வைக்க வந்தவர்கள் விஷ வாயு கக்கும் வில்லைகளை மூட்டை அடுக்குகளுக்கு நடுவே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். ஆவுடையப்பன் திரையை மட்டும் பார்த்தார். உள்ளே போனது முப்பத்தெட்டு, வெளியே வந்தது முப்பத்தெட்டு. உள்ளே ஒரு நடை போய்ப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரும்புக் கதவைப் பூட்டி, இடுக்குகளில் டேப் ஒட்டினார்கள். மருந்து வைத்தவர்கள் வண்டியேறிப் போய்விட்டார்கள். இனி ஐந்து நாளைக்குத் திறக்கக் கூடாது.

கால் மணி நேரம் கழித்து மெஷின் மறுபடி பேசியது.

"மாரித்தாய், உள்ளே."

வாசலில் ஒரு காக்கைகூட இல்லை.

"மாரித்தாய், வெளியே."

ரைஹானா மெஷின் எடுத்த படத்தைத் திறந்தாள். வெள்ளைச் சுவர். வேப்பமர நிழல். மூன்று மணிப் படத்தைத் திறந்தாள். அதே சுவர். அதே நிழல்.

எல்லாக் கட்டமும் அழிந்த வரிசைக்கு எது வந்து நின்றாலும் மாரித்தாய்தான். மாரித்தாயின் எண்ணுக்குப் போன் போட்டாள். மணி அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே அடித்தது. குடோனுக்குள் போன் கூடாது என்று எல்லாரிடமும் வாங்கி வைக்கிற டிராயரை இழுத்தாள். மற்றதெல்லாம் போயிருந்தது. ஒரே ஒரு போன் நடுங்கிக்கொண்டே அவளை நோக்கி நகர்ந்து வந்தது.

ஓடினாள்.

"சார், கதவத் தொறங்க. மாரித்தாயக்கா உள்ளதான் இருக்காவ."

ஆவுடையப்பன் டீயைக் கீழே வைக்கவில்லை. "மெஷினு என்ன சொல்லுது? முப்பத்தெட்டும் வெளிய வந்தாச்சு. பொறவு என்ன?"

"மெஷினுக்கு ஒரு மண்ணும் தெரியாது! நான்தான் அதக் கெடுத்தேன். சொவரப் பாத்து மாரித்தாய்ங்குது. தொறங்க சார்!"

"ஏம்மா, உள்ள விஷம் வச்சிருக்கு. அவ அங்கன இருந்தா கத்த மாட்டாளா?"

அவள் கதவுக்கு ஓடினாள்; டீ டம்ளரோடு அவரும் பின்னால் வந்தார். சூடேறிய இரும்பில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. டேப்பின் ஓரத்திலிருந்து அந்த வாயுவின் லேசான பூண்டு நெடி. பிறகு, கதவின் மறுபுறம், வெகு தாழ்வாக, தரையோரமாக.

தட்.

தட்.

உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். கதவு எங்கே முடிகிறது என்று தேடுவதுபோல இடமிருந்து வலமாக நகர்ந்தது. குரல் மட்டும் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

ஆவுடையப்பனுக்கும் கேட்டது. டம்ளர் விழுந்தது.

"சாவியத் தாங்கய்யா!" அவர் இடுப்பிலிருந்து அவளே பிடுங்கினாள். அவர்மேல் வந்த வெறியில் டேப்பை நகம் பெயரக் கிழித்தாள். மூச்சைப் பிடித்தாள். பூட்டு. தாழ். கதவு.

பூண்டு நெடியோடு மாரித்தாய் அவள் காலடியில் சரிந்தாள். துண்டு நெற்றியிலிருந்து கழுத்து வரை சுற்றியிருந்தது. கண்களுக்கும் இடைவெளி விடாமல். ரைஹானா அவளை அக்குளில் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்தாள். உயிர் இருந்தது. நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது.

"துண்ட அவுத்து விடு," ஆவுடையப்பன் தூரத்திலிருந்தே கத்தினார். "மூச்சு விடட்டும்."

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

துண்டு நழுவியது.

நெற்றியில் ஒரு கோடு இல்லை. புருவம் இல்லை. கண் இல்லை. மூக்கு இருந்த இடம் மேடில்லாமல் கிடந்தது. மயிர்க்கோட்டிலிருந்து தாடை வரை ஒரே தோல். வியர்வை மட்டும் அதில் தடையில்லாமல் வழிந்தது.

வாய் இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தோல் உள்ளே இழுபட்டது. வெளியே உப்பியது. உள்ளே இழுபட்டது.

ஆவுடையப்பன் ரோட்டைப் பார்த்து ஓடுகிற சத்தம் கேட்டது. ரைஹானாவால் நகர முடியவில்லை.

மாரித்தாயின் கை எழுந்தது. காற்றில் தேடியது. ரைஹானாவின் முகத்தைக் கண்டுபிடித்தது. உளுந்துத் தூசி படிந்த விரல்கள் அவள் உதடுகளைத் தடவின. மூக்கைத் தடவின. அவசரமே இல்லை. ஆனால் அந்த விரல்களில் கோபம் இருந்தது. அது யார் மேல் என்று ரைஹானாவுக்கு நன்றாகவே தெரிந்தது.

விரல்கள் அவள் கண்களுக்கு வந்தன. அங்கே நின்றன.

பிறகு அழுத்தின.