வீட்டுக்கு வந்து சொன்னால்தான்

ஞானமலருக்குக் கால் இரண்டும் கெஞ்சின. மூன்று நாளாகத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு கப்பல்துறை வீதியில் மேலும் கீழுமாக நடந்தால் கெஞ்சாமல் என்ன செய்யும்?

அவளுடைய அக்கா றோஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பவள். அங்குள்ள மாணவர் சேவைச் சங்கத்துக்கு இந்த வருடம் அவள்தான் தலைவி. கப்பல்துறைக்குள் போகும் வழி ஒரே பள்ளம். மாரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஏலாது. அதைக் கிறவல் மண் கொட்டி உயர்த்தத்தான் பதினான்கு மாணவர்கள் வந்து, வாசிகசாலையில் தங்கியிருந்தார்கள். பெண்பிள்ளையைத் தனியே விடமாட்டேன் என்று அம்மா, அன்புவழிபுரத்திலிருந்து ஞானமலரையும் கூட அனுப்பிவிட்டார். காவலுக்கு வந்தவளுக்குப் பத்து வயது.

ஊர்ச் சனமும் சேர்ந்து வேலை செய்யும் என்று நம்பித்தான் தொடங்கினார்கள். ஈ காக்கைகூட வரவில்லை. பேனா பிடித்த கைகள் எல்லாம் கொப்பளித்துப் போயின. பாதி வழிகூட நிரம்பவில்லை. ஞாயிறு காலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் றோஸ் கிறவல் குவியலில் பொத்தென்று இருந்தாள். இந்த ஊருக்கே அக்கறையில்லை, நாளைக்கு மூட்டையைக் கட்டுவோம் என்றாள். அக்கா இப்படிக் கதைத்து ஞானமலர் கேட்டதேயில்லை. அவளுக்கு அழுகை வரப் பார்த்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த இராசமலர் மாமி வீட்டுக் கிணற்றுக்குப் போனாள். மாமி தங்கமான மனுஷி. தினமும் தானே தண்ணீர் அள்ளித் தருவார். அப்படிப்பட்டவர் ஏன் வேலைக்கு வரவில்லை? கேட்டேவிட்டாள்.

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, பிள்ளை."

கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே என்றாள் ஞானமலர். சுவரில் ஒட்டினால் வீட்டுக்கு வந்து சொன்ன மாதிரி ஆகுமோ என்று மாமி கேட்டார். கூப்பிடாத இடத்தில் போய் நின்றால் படித்த பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்றும் கூச்சப்பட்டார்.

அதை அக்காவிடம் சொன்னதும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. தங்களுடைய றோட்டுக்கு வேலை செய்யவும் வெற்றிலை வைத்து அழைக்கவேண்டுமோ என்று சிடுசிடுத்தாள்.

"அக்கா, றீற்றா மச்சாளின்ர கலியாணத்துக்கு நாங்கள் ஏன் போகேல்லை?"

"அவையள் வீட்டுக்கு வந்து சொல்லேல்லை. தபாலில கலியாணக் காட் மட்டும்..."

றோஸ் பாதியில் நிறுத்திவிட்டாள். எழும்பி முகத்தைக் கழுவினாள். வீடு வீடாகப் போய்ச் சொல்வோம் என்றாள்.

களைத்திருக்கிறாய், நான் போய்ச் சொல்கிறேன் என்றான் கூடப் படிக்கும் றஊப். ஞானமலர் விடவில்லை. தலைவி வராவிட்டால் அதுவும் இன்னொரு நோட்டீஸ்தான் என்றாள்.

இருபத்தாறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் கதிரை போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. பத்தாவது வீட்டில் ஞானமலரின் வயிறு குளம் மாதிரி ஆடியது. இருபத்தைந்தாவது வீட்டில் நன்றாக இருட்டிவிட்டது. றோஸுக்கு ஓரடி எடுத்துவைக்க ஏலவில்லை. கடைசி வீட்டுக்குப் போகாமலே திரும்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை விடிய சனம் வந்தது. மண்வெட்டி வந்தது, மண் சுமக்கக் கடகம் வந்தது, ஒரு மாட்டுவண்டியும் வந்தது. இராசமலர் மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாரையும் விரட்டி வேலை வாங்கினார். மத்தியானத்துக்குள் முக்கால்வாசி வழி உயர்ந்துவிட்டது. கடைசித் துண்டு மட்டும் மிச்சம். எல்லாருக்கும் கை சோர்ந்துவிட்டது.

அந்தத் துண்டின் முடிவில்தான் இருபத்தாறாவது வீடு. அங்கே தம்பிராசா ஐயா தோளில் மண்வெட்டியோடு வேலிப் படலைக்குள் நின்றார். காலையிலிருந்து அப்படியே நிற்கிறார், வெளியே வரவில்லை என்பதை ஞானமலர் கவனித்தாள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

றோஸ் வேலையைப் போட்டுவிட்டு நொண்டி நொண்டி நடந்து போனாள்.

"ஐயா, நேற்று வராமல் விட்டது என்ர பிழை. இப்ப சொல்ல வந்தனான். நீங்களும் வாங்கோ."

"நீங்கள் வந்து சொல்லேக்க வராமல் இருப்பனோ, பிள்ளை?" என்றபடி ஐயா படலையைத் திறந்தார்.

அவர் நடந்த வேகத்துக்கு அக்காவும் தங்கச்சியும் பின்னால் ஓடவேண்டியிருந்தது.