சிங்கம் குடித்த தண்ணீர்

"இருபத்தேழு நாள்ல சிலிண்டர் காலி. முன்னெல்லாம் நாப்பது நாள் வரும். இந்த வீட்டுல யாரு எதை வேக வைக்கிறான்னுதான் எனக்குத் தெரியல."

பெரியவள் இதைச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் சுவரோரமாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது சின்னவள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்தால், சுவருக்குச் சொல்வது யாருக்கு என்று தெரியாதா?

"நான்தான்க்கா... முழங்கால் வலி. ஒத்தடத்துக்கு வெந்நீர் போட்டேன்."

"தினமுமா? மகாராணி கால்தான்."

பெரியவள் புது சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "சமைக்கிற நேரத்துக்கு நானே வந்து மாட்டுறேன்." அதோடு விட்டாளா? மேடை மீது மூடி வைத்திருந்த பானையைத் திறந்து, நேற்றுக் காய்ச்சிய தண்ணீர் என்று கண்டதும், அதை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டாள்.

அந்தத் தண்ணீர் காலுக்கு இல்லை, வண்டிக்கு.

ஏழு மாசத்துக்கு முன்னால் சின்னவர் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார், வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோவை ஏற்றி இறக்க. பெரியவர் தையல்காரர். கிழிந்ததை எத்தனை நன்றாகத் தைத்தாலும் கிழிசல் எங்கே என்று அவர் கண்ணுக்குத் தெரியும். "பன்னெண்டு வருஷம் ஓடின வண்டிடா. எஞ்சினைக் கழுவித் துடைச்சுக் காட்டுறான்னா எதையோ மறைக்கிறான். வேணாம்" என்றார். சின்னவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இது என்னிக்காவது நடுரோட்டுல நின்னா, அன்னிக்கு நான் இந்த வீட்டை விட்டுப் போயிடறேன்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டார். வண்டிக்குச் சிங்கம் என்று பேரும் வைத்தார்.

மூன்றாம் வாரம் கண்ணாடி துடைக்கப் போன சின்னவள் சும்மா ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. ஒரு செம்பு ஊற்றி நிரப்பினாள். மறுநாளும் அதே ஒரு சாண். வண்டிக்கு அடியில் தரையோ காய்ந்து கிடந்தது. எங்கே போகிறது தண்ணீர்? அவளுக்குத் தெரியாது. வெளியே சொன்னால் அண்ணன் ஜெயிப்பார், தம்பி மூட்டை கட்டுவார் என்பது மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து விடியுமுன் எழுந்து, எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஊற்றினாள். குழாய்த் தண்ணீரில் பானையிலேயே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறதே, வண்டி வயிறு மட்டும் என்ன ஆகும் என்று நினைத்து, முதல் நாளே காய்ச்சி ஆறவைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினாள். தன் கூடப்பிறந்த தம்பியின் மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை. இரண்டு நாள் தங்கினால் யார் ஊற்றுவது? அந்தத் தம்பி இன்னும் பேசுவதில்லை.

இன்று ஊற்றப் போகுமுன் பெரியவள் எழுந்து வந்துவிட்டாள், பானை காலி. குழாய்த் தண்ணீராவது ஊற்றலாம் என்று செம்போடு வாசலுக்கு ஓடினாள். சின்னவர் அதற்குள் வண்டியில் உட்கார்ந்துவிட்டார். மலை மேல் குடியிருப்புக்கு ஒரு முழு வீட்டுச் சாமான்.

"கொஞ்சம் இருங்க. ஒரு செம்பு தண்ணி ஊத்திடறேன்."

"எதுக்கு? சிங்கம் ஏழு மாசமா ஒரு சொட்டுத் தண்ணி கேட்டதில்ல" என்றார் அவர், ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்த அண்ணன் காதில் விழும்படி.

அண்ணன் தலை நிமிர்ந்து பார்த்தார். அவர் எதிரில் என்ன சொல்வாள்? செம்பு கையிலேயே இருந்தது. வண்டி போய்விட்டது.

மத்தியானம் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கூடவே மெக்கானிக்கும் வந்தார். அவர் வாசலிலேயே பானட்டைத் திறந்து கழற்ற ஆரம்பிக்க, சின்னவர் யார் முகத்தையும் பார்க்காமல் படியில் உட்கார்ந்தார்.

"முந்தாநாள் விடியக்காலையில நீ பானட்டைத் திறந்து என்னமோ ஊத்துறதைப் பார்த்தேனேம்மா" என்றார் பெரியவர் மெதுவாக. "அவன் சொல்லித்தான் செய்யறியோன்னு நினைச்சேன்."

சின்னவர் திரும்பினார். "நீ கை வச்சியா?"

"ஆமாங்க. தண்ணி ஊத்தினேன்."

"எனக்குத் தெரியாம? உனக்கு என்ன தெரியும் வண்டியைப் பத்தி? எங்க ஊத்தினியோ, எதுல ஊத்தினியோ... என் பொழப்புலயே ஊத்திட்டியே."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், வாங்கிய நாளிலிருந்தே அது நோஞ்சான் வண்டி, நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று அண்ணன் எதிரிலேயே சொன்னதாகும்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? போ. உன் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேரு."

எந்தத் தம்பி? எந்த முகத்தோடு? அவள் உள்ளே போய் இரண்டு புடவையைப் பையில் திணித்தாள். கண்ணீர் புடவை மேலேயே விழுந்தது. துடைத்துக்கொண்டு பையோடு வாசலுக்கு வந்தாள்.

அப்போது மெக்கானிக் எஞ்சின் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்துக் காட்டினார். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது.

"எண்ணெயில தண்ணி கலந்திருக்கு. ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, எஞ்சினுக்குள்ள தண்ணி புகாம தடுக்கிற தகடு. இன்னிக்குப் போனதில்ல, வித்தவன் கையிலயே போனது. பசையைத் தடவி ஒப்பேத்தி உங்க தலையில கட்டிட்டான். தண்ணி கீழ சிந்தாது, எஞ்சினுக்குள்ள போய் ஆவியாயிடும். அதான் உங்களுக்குத் தெரியல. தினமும் ஊத்தாம இருந்தா ஒரு மாசம் தாண்டாது. யாருங்க ஊத்தினது?"

எல்லோரும் பையோடு நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுவும் காய்ச்சின தண்ணி. இங்க பாருங்க, இந்தக் குழாய்ல உப்பே படியல. என் பொண்டாட்டி எனக்குக்கூட இப்படித் தண்ணி வச்சுக் குடுத்ததில்ல."

காய்ச்சின தண்ணி என்ற சொல் கேட்டதும் பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ரெகுலேட்டரைச் சின்னவள் கையில் வைத்து அழுத்தினாள். "காலையில நான்தான்டி கவுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி..." இருவரும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"என்ன செலவாகும்?" என்றார் பெரியவர்.

"எஞ்சின் ஹெட் சூட்டுல வளைஞ்சிருக்கு, சீவிச் சமப்படுத்தணும். கேஸ்கெட், வாட்டர் பம்ப், ஹோஸ்... வண்டி வாங்கின விலையில பாதியைக் கேக்கும்."

சின்னவர் எழுந்தார். மனைவி கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "சொன்ன சொல் இருக்குண்ணே. நான்தான் போகணும்."

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வண்டி எங்க நின்னுச்சு?"

"மேடு ஏறுற இடத்துல... ஒரு மரத்தடியில ஓரங்கட்டினேன்."

"நடுரோட்டுல நின்னாத்தானேடா போறேன்னு சொன்ன? உள்ள வா. சாப்பாடு ஆறுது. செலவை ரெண்டு பேருமாப் பார்ப்போம்."

பத்து நாள் கழித்து வண்டி வந்தது. தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஆனாலும் பழக்கத்தில் விடியுமுன் விழித்த சின்னவள் சமையலறையில் விளக்கு எரிவதைப் பார்த்தாள். பெரியவள் அடுப்பில் பானை வைத்திருந்தாள். சின்னவர் கையில் துண்டோடு தரையில் குந்தியிருந்தார்.

"வண்டிக்கு இனி வேணாமாம், தெரியும்ல?" என்றாள் சின்னவள்.

"வண்டிக்கு இல்ல. உட்காரு. காலை நீட்டு" என்றார் சின்னவர்.

"முழங்கால் வலின்னு சொன்னது பொய்ங்க."

"ஏழு மாசம் சிமெண்டுத் தரையில வெறுங்காலோட நின்னிருக்க. பொய்யா, நிஜமான்னு நான் பார்த்துக்கறேன்."

அவர் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து அவள் முழங்காலில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலி இருக்கத்தான் செய்தது.