அறிபொட்டு

மீன்காரம்மாள் சீலா மீனின் செவுளை விரித்துக் காட்டினாள்.

"பாரு தாயி. இப்படிச் செவேல்னு இருந்தாத்தான் புது மீனு."

ஐந்து வயது லியானா பார்த்தாள். அவள் காதுக்கு முன்னால் ஒட்டியிருந்த பொட்டு கறுப்பாகவே இருந்தது.

"எரியலியே," என்றாள் மீன்காரம்மாள். "பாறை மீனக் காட்டட்டா?"

"வேண்டாம்," என்றான் டெரன்ஸ். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தான்.

தூத்துக்குடி மீன் சந்தையில் அன்று காலை பெற்றோர் கூட்டம் அதிகம். மீன் வாங்க வந்தவர்கள் குறைவு. தராசுக்காரர் எடைபோடும் விதத்தை மூன்றாவது முறையாக ஒரு சிறுவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பரோட்டாக் கடை வாசலில் பலகை தொங்கியது: இங்கே பொட்டு எரியும்.

அறிபொட்டு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். மூளை ஒன்றைப் புதிதாகக் கற்கும்போது அது மஞ்சளாக ஒளிரும். எதைக் கற்றது என்று சொல்லாது, கற்றது என்று மட்டும் சொல்லும். முதலில் மழலைப் பள்ளிகளில் ஒட்டிப் பார்த்தார்கள். வகுப்பறையில் பெரும்பாலும் இருட்டு. அதே பிள்ளைகள் தெருவில் இறங்கியதும், தண்ணீர் லாரியைப் பார்த்ததும், பெரியவர்கள் சண்டை போடுவதைக் கேட்டதும் பொட்டுகள் கார்த்திகை விளக்குபோல் எரிந்தன. ஏழு வயதுவரை பள்ளி தேவையில்லை, வீடும் தெருவுமே போதும் என்று அரசு முடிவுசெய்தது. மழலைப் பள்ளிகள் மூடப்பட்டன.

அதன்பின் பெரியவர்கள் எல்லோரும் கற்பிக்கத் தொடங்கினார்கள். பொட்டுகள் மங்கத் தொடங்கின.

பொட்டு எரியாத வீட்டுப் பிள்ளையை மழலையர் இல்லத்துக்குக் கொண்டுபோவார்கள். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கான இல்லம் தருமபுரியில் இருந்தது. லியானாவின் பொட்டு பல மாதங்களாகவே சரியாக எரியவில்லை. ஆய்வாளர் வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்திருந்தது.

அவளை அனுப்புவதில்லை என்று டெரன்ஸ் முடிவுசெய்திருந்தான். அதற்கு மேல் அவன் எதையும் யோசிக்கவில்லை. பேருந்து பணிமனைக்குக் கூட்டிப் போனான். உப்பளத்துக்குக் கூட்டிப் போனான். துறைமுக வாசலில் நின்று பாரந்தூக்கியைக் காட்டினான். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் மக்ரூன் இனிப்பு போடும் பேக்கரியில் வேலை செய்தான். முதலாளி விண்ணரசி அக்காவுக்கு இந்த அலைச்சல் பிடிக்கவில்லை.

"ஏல டெரன்ஸு, புள்ளையப் படிக்க வைக்கியா, இல்ல சப்பரத்துல வச்சு ஊர் சுத்துதியா?"

"எரியணும்க்கா."

"அது என்ன, அடுப்பா? ஊதுனா எரியுறதுக்கு?"

அவன் முந்திரியை இடித்துக்கொண்டிருந்தான். மனைவி ஜெனிட்டா போனதிலிருந்து அவன் அதிகம் பேசுவதில்லை. கடந்த மழைக்காலத்தில் மதுரை மருத்துவமனையில் அவள் இறந்தாள். அடக்கம் அவளது சொந்த ஊரில் நடந்தது. லியானாவை அப்போது விண்ணரசி அக்கா பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது, "அம்மாவுக்கு இன்னும் சரியாகல, மதுரையில இருக்கா," என்றான் டெரன்ஸ். அப்படியே விட்டுவிட்டான். லியானாவும் அதன்பிறகு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகல் கற்றல் ஆய்வாளர் உலகம்மாள் பேக்கரிக்கே வந்தார். கையில் எழுதுபலகை. மேசை ஓரத்தில் உட்கார்ந்து, "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க சார். நான் இல்லேன்னு வச்சுக்கோங்க," என்றார்.

டெரன்ஸ் ஒரு முட்டையை உடைத்தான். ஓட்டின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு மஞ்சள் கருவை மாற்றினான். வெள்ளைக் கரு கிண்ணத்தில் வழிந்தது.

"பாரு பாப்பா. மஞ்சள் ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை எழும்பாது."

லியானா ஒரு முட்டையை எடுத்தாள். மேசை விளிம்பில் தட்டினாள். அவனைவிடச் சுத்தமாகப் பிரித்தாள். பொட்டு இருட்டாகவே இருந்தது.

"இத எப்பம்ல படிச்சா?" என்றாள் விண்ணரசி அக்கா.

அவனுக்கும் தெரியவில்லை. நுரை அடித்துக் காட்டினான். கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, நுரை விழாமல் நிற்பதைக் காட்டினான். காகிதக் கூம்பில் மாவை நிரப்பித் தட்டில் பிழிந்தான். உலகம்மாள் எழுதுபலகையைப் பார்த்தார். குறிக்க ஒன்றும் இல்லை.

"சார், ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அம்மா இல்லாத வீட்டுல எல்லாரையும் கேக்கிறதுதான்." குரலைத் தாழ்த்தாமல் கேட்டார். "அவங்க தவறுனத பிள்ளைக்குச் சொல்லிட்டீங்களா?"

பெரிய செய்தி ஒன்றை மறைத்தால் பிள்ளைக்கு வேறெதுவும் மனத்தில் ஏறாது என்பது துறையின் கொள்கை. மறைத்த வீட்டிலிருந்து பிள்ளையை எடுத்துவிடுவார்கள். அதனால்தான் பிள்ளையின் எதிரிலேயே கேட்பார்கள். தெரியாத பிள்ளைக்குப் பொட்டு அங்கேயே எரியும்.

டெரன்ஸின் கையிலிருந்த கூம்பு நசுங்கியது.

"சொல்லிட்டேன்."

உலகம்மாள் லியானாவின் பொட்டைப் பார்த்தார். விண்ணரசி அக்காவும் பார்த்தாள். டெரன்ஸ் பார்க்கப் பயந்தான். பிறகு பார்த்தான்.

எரியவில்லை.

லியானா இன்னொரு முட்டையை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி. அதுல பிரச்சினை இல்ல," என்று உலகம்மாள் குறித்துக்கொண்டார். "ஆனா படிப்புதான் சார்..."

டெரன்ஸுக்கு அது காதில் விழவில்லை. மகளின் முன்னால் குந்தினான். ஆய்வாளர் இருப்பது மறந்துபோயிற்று.

"பாப்பா. உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." முட்டையைக் கீழே வைத்தாள். "அம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போது செல்லு அடிச்சா ஓடுவீங்க. மாவுக் கையோட ஓடுவீங்க. அப்புறம் அடிச்சாலும் ஓடல."

அடுப்பில் விறகு வெடித்தது.

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீங்க சொல்லல. அதான். சொல்லக் கூடாதாக்கும்னு இருந்தேன்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். எதையோ விளக்க வேண்டும்போல் இருந்தது. விளக்க ஒன்றும் இல்லை.

"அம்மா செத்துட்டா, பாப்பா," என்றான்.

அதை அவன் வாயால் சொல்வது அதுவே முதல்முறை. சொன்னதும் அழுகை வந்தது. அடக்கத்தன்று வராத அழுகை. முகத்தை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. லியானா அருகில் வந்து நின்று, பாரந்தூக்கியைக்கூடப் பார்க்காத உன்னிப்போடு அவனைப் பார்த்தாள்.

பொட்டு எரிந்தது. அவள் கன்னம், அவள் காது, பக்கத்தில் இருந்த முட்டை ஓடுகள் எல்லாம் மஞ்சளாயின.

"எரியுது!" உலகம்மாள் எழுந்தேவிட்டார். "இந்த மாவட்டத்துலயே இப்படி எரிஞ்சு நான் பாத்ததில்ல. சார், நிறுத்திராதீங்க!"

"ஏட்டி, உன் வாயில கொள்ளிக்கட்டைய வைக்க!" என்றாள் விண்ணரசி அக்கா.

பொட்டு அப்படி எரிந்ததால் மறைத்த குற்றமும் தள்ளுபடி, லியானா தருமபுரிக்குப் போக வேண்டியதில்லை என்று அன்று மாலையே உத்தரவு வந்தது. டெரன்ஸ் அதைப் படித்தான். அடுப்பை அணைத்துவிட்டு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். வழியில் அவள் அம்மாவைப் பற்றி ஓயாமல் கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

உலகம்மாள் கடமை தவறாதவர். கண்டதை அறிக்கையாக எழுதி அனுப்பினார். துறை அதை ஆராய்ந்தது. அடுத்த மாதம் எல்லா வீடுகளுக்கும் சுற்றறிக்கை வந்தது: பெற்றோர் வாரம் ஒருமுறையேனும் பிள்ளையின் எதிரில் அழுதல் வேண்டும்.

ஊர் அழுதது. அழத் தெரியாதவர்களுக்குப் பயிற்சி நடந்தது. முதல் வாரம் எல்லாப் பொட்டுகளும் எரிந்தன. இரண்டாம் வாரம் பாதி எரிந்தன. அதன்பின் இருட்டு.

ஒரு காலை டெரன்ஸ் லியானாவுடன் கருவாடு வாங்கச் சந்தைக்குப் போனான். உப்புக் கடை ஓரத்தில் ஓர் இளம் தாய் தன் மகனை நிறுத்திவைத்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் உலகம்மாள் எழுதுபலகையோடு நின்றார். பையன் கொட்டாவி விட்டான்.

"போதும்மா. நேத்தே நல்லா அழுத," என்றான்.

லியானா நின்றுவிட்டாள்.

"அப்பா, அவங்க வீட்டுல யாரு செத்தா?"

"யாரும் இல்ல, பாப்பா."

"பின்ன ஏன் அழுறாங்க?"

லியானா அந்தத் தாயைப் பார்த்தாள். பையனைப் பார்த்தாள். எழுதுபலகையைப் பார்த்தாள்.

அவள் காதோரம் மஞ்சள் வெளிச்சம் பரவத் தொடங்கியது.

உலகம்மாள் இந்தப் பக்கம் திரும்பி அதையும் குறித்துக்கொள்வதற்குள் டெரன்ஸ் மகளைத் தூக்கிக்கொண்டான். அவள் பொட்டை உள்ளங்கையால் அழுத்தி மூடியபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக நடந்தான்.