நான்கு மணி இடைவெளி

பின்புற வேலி இன்றும் ஓர் இலை விட்டிருந்தது. கிருத்திகா எண்ணினாள். நேற்று முப்பத்தொன்று, இன்று முப்பத்திரண்டு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம், பிளேடின் கூர்மை.

உணர்வேலி வந்தபின் அந்தக் குடியிருப்பில் மூன்றாண்டுகளாக ஒரு திருட்டும் இல்லை. பழைய பிளேடுக் கம்பி என்றால் சாக்கைப் போட்டு ஏறிவிடுவார்கள். இது தானே வளரும் உலோகம். ஆள் அதிக நேரம் நிற்கும் இடத்தில் அடர்ந்துகொள்ளும். நிற்பது யார், எந்தப் பக்கம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

வேலிக்கு அப்பால் பூங்கோதையின் வீடு. அதன் வாசல் அடுத்த தெருவில். பதிவு செய்தவர்களுக்கே திறக்கும். வெளிநாட்டிலிருக்கும் அவள் மகன் பக்கத்து வீட்டாரைப் பதிய மறுத்துவிட்டான். முழங்கால் வலியால் பூங்கோதை கொல்லையைத் தாண்டி நடப்பதில்லை. பூங்கோதைக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. “சின்னத் திரையில உதடு தெரியல, முகமில்லாம என்ன பேச்சு?” என்று கைப்பேசியை அலமாரியில் போட்டுவிட்டாள். தினமும் நான்கு மணிக்கு வேலியின் இடைவெளியில் ஒரு கிண்ணம் போகும், வெறுமையாகத் திரும்பாது. கிருத்திகா வாய் திறந்து பேசும் ஒரே மணி நேரம் அது.

இடைவெளி உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கியதும் வேலி நிறுவனத்தை அழைத்தாள்.

“அங்க யாரும் நிக்காதீங்க மேடம். நாப்பது நாள்ல அதுவே உள்ள இழுத்துக்கும்.”

“வெட்டிவிட முடியாதாப்பா?”

“வெட்டினா தாக்குறாங்கன்னு நெனச்சு ரெண்டு மடங்கா வளரும் மேடம்.”

பூங்கோதையிடம் உதட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“நாப்பது நாளா? அதுவரைக்கும் உன் ரசத்தை யாரு குறை சொல்றது?” பூங்கோதை சிரித்தாள். “செரி, போ. அடுப்படி ஜன்னலையும் சாத்திக்கோ. பாத்தா வந்துருவே.”

சாத்திக்கொண்டாள். பதினாறாம் நாள் பால் தரும் இயந்திரத்திடம் வெயிலைப் பற்றிப் பேசினாள். அது நன்றி சொன்னது.

நாற்பத்தொன்றாம் நாள், நான்கு மணிக்கு, சுண்டைக்காய்க் குழம்போடு போனாள். இடைவெளி இருந்த இடத்தில் வேலி சுவராகியிருந்தது. வெளிச்சம்கூட ஊடுருவவில்லை.

மறுபக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.

“கிருத்தி, வந்துட்டியா? வேலி எவ்வளவு மெலிஞ்சிருக்குன்னு தெனமும் வந்து பாத்தேன்டி. குறையவே மாட்டேங்குது. மனசு கேக்காம நாற்காலி போட்டு உக்காந்தே பாத்தேன். அங்க இருக்கியா நீ?”

“இருக்கேன்க்கா.”

“இருக்கியாடி?”

கிருத்திகா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை, நகரவும் இல்லை. அவள் முகத்துக்கு நேராகப் புதிய இலை ஒன்று மெல்ல விரிந்தது.