எஸ்ராவின் சடை

காலை ஆறரை. போர்ட் அன்டோனியோ துறைமுகத்துக்குக் கிழக்கே, கடலோரக் குடிசை ஒன்றில் எஸ்ரா கண் விழித்தான். நாக்கு தடித்திருந்தது. தலைக்குள் பாரம். தலைக்கு மேலே பாரமே இல்லை. கையைத் தூக்கித் தடவினான். விரலில் முள்முள்ளாக ஏதோ குத்தியது.

அவன் கத்தவில்லை. பக்கத்தில் படுத்திருந்த நஃப்தாலிதான் எழுந்து கத்தினான்.

"சடைய வெட்டிட்டாங்க! சகோதரன் சடைய வெட்டிட்டாங்க!"

ராஸ்தா மதத்தில் சேர்ந்து விரதம் எடுத்த நாளிலிருந்து கத்தி படாத தலை. பதினோரு வருடச் சடை, இடுப்பு வரை. குடிசைத் தரையில் ஒரு மயிர்கூடச் சிந்தியிருக்கவில்லை.

அங்கே எடுத்துக்கொண்டிருந்த சினிமாப் படம் முழுக்க அந்தச் சடையை நம்பித்தான் இருந்தது. கதையில் எஸ்ரா ஒரு மீனவன், மேளக்காரன். கொள்ளைக்காரக் கப்பல்தலைவன் ஊரின் ஒலிபெருக்கிகளைத் திருடிப் போக, அவற்றைத் தேடித் தீவு தீவாக அலைகிறான். போகிற இடமெல்லாம் ரெகே பாட்டு. பாக்கி ஒரே காட்சி. படகின் முனையில் நின்று சடையை அவிழ்த்துக் காற்றில் விட்டு, கேமராவைப் பார்த்துப் பாட வேண்டும்.

டைரக்டர் மணலில் உட்கார்ந்து நகம் கடித்தார். "பாட்டு தெரிஞ்ச இன்னொரு சடைக்காரன் நஃப்தாலிதான். அவனை நிறுத்த வேண்டியதுதான். வேற வழியில்ல."

எட்டு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. சார்ஜெண்ட் இசில்டா பின்னக் இறங்கினாள். கனத்த உடம்பு, சின்னக் கண்கள். பாதாம் மரத்தடியில் இருந்த எஸ்ராவின் கூட்டாளி ராஸ்தாக்கள் எழுந்திருக்கவில்லை.

"பாபிலோன் வந்தாச்சு," என்றார் ஒரு நரைத்த தாடிக்காரர். போலீசுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. "எங்க சடைய வெட்டுறது உங்க வேலையாச்சே, தாயே. இன்னிக்கு வேற எவனோ முந்திக்கிட்டானே."

"அதான் வந்தேன் பெரியவரே. என் வேலைய எடுத்துக்கிட்டவன் எவன்னு பாக்க."

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் எஸ்ராவின் இமையைத் தூக்கிப் பார்த்து, "மருந்து குடுத்திருக்காங்க," என்றாள். ஒப்பனை வண்டிக்குப் போனாள். யோலண்ட் என்ற ஒப்பனைக்காரியின் தூக்க மாத்திரைப் புட்டி பாதி காலியாக இருந்தது. வண்டியைப் பூட்டும் வழக்கம் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

ஒன்பது மணிக்குச் சடை அகப்பட்டது. தையல் கூடையின் அடியில், பழைய சட்டைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதே கூடையில் கத்தரிக்கோல். கூடை பன்சியுடையது. படத்துக்கு உடை தைப்பவள், எஸ்ராவோடு குடித்தனம் நடத்துபவள்.

"எனக்கு அப்பவே தெரியும்!" நஃப்தாலி கத்தினான். "பொம்பள பொறாமை! சமைச்சது யாரு? இவதானே? இன்னிக்கே மூட்டையக் கட்டச் சொல்லுங்க. இல்லன்னா நாங்க இங்கேர்ந்து போறோம்."

மரத்தடியில் தலைகள் அசைந்தன. பன்சி எஸ்ராவைப் பார்த்தாள். எஸ்ரா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அவள் இருப்பாள். வரவில்லை.

"மத்தியானம் வரைக்கும் யாரும் எங்கயும் போக வேணாம்," என்றாள் சார்ஜெண்ட்.

முதலில் லாஸெல்ஸ். கப்பல்தலைவன் வேஷக்காரன். மழித்த தலை, கிங்ஸ்டன் நாடக மேடையின் கணீர்க் குரல்.

"கதாநாயகன் வேஷம் முதல்ல எனக்குத்தான் பேசினாங்க தெரியுமா? அப்புறம் டைரக்டர் கண்ணுல இவன் முடி பட்டுது. என் நடிப்பு வேணாமாம். அவன் முடி போதுமாம்."

"பொறாமையா?"

"பின்ன? இல்லன்னா நான் என்ன கல்லா? ஆனா வெட்டல. ராத்திரி பூரா டவுன்ல ரம் கடை. டிரைவர்தான் தூக்கிட்டு வந்து போட்டான்."

"இவங்களோட சாப்பிடலியா?"

"அந்த உப்பில்லாத தழையையா? எனக்குப் பன்னி வறுவல் வேணும் மேடம்."

டிரைவர் ஆமாம் என்றான். தூக்கியதில் பிடித்துக்கொண்ட இடுப்பையும் காட்டினான்.

அடுத்தது நஃப்தாலி. பெரிய மேளத்தின் மேல் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் சடை மணலைத் தொட்டது.

"உங்களுக்குப் படத்துல என்ன வேஷம்?"

"முதுகு."

"அப்படின்னா?"

"எஸ்ராவுக்குத் தண்ணின்னா பயம். தூரத்துலேர்ந்து படகு ஓட்டுற காட்சியெல்லாம் நான். கிட்ட வந்தா அவன் மூஞ்சி."

"நேத்து என்ன சாப்பாடு?"

"பூசணி, கிழங்கு, கீரை, தேங்காப்பால். பன்சி வச்சது. ஒரே பானைலேர்ந்துதான் ரெண்டு பேரும் சாப்பிட்டோம்."

"நீங்க எவ்வளவு?"

"ரெண்டு குடுக்கை. எப்பவும்போல ஒரு கல்லு உப்பு கிடையாது. உங்க நாக்குக்கு சப்புன்னு இருக்கும், எங்களுக்கு அதான் அமிர்தம். சாப்பிட்டு அப்படியே சாஞ்சவன்தான். காலைலதான் முழிச்சேன்."

"பானை எங்க?"

"கடல்ல கழுவிக் கவுத்துட்டேன்."

"இந்தக் கலவரத்துலயா?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா. மனசு அப்படி."

பன்சி குடிசைக்குப் பின்னால், கவிழ்த்த பானைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"நீ ஏன் சாப்பிடல?"

"பசிக்கல."

"பொய் சொல்லாத."

பன்சி பானையைச் சுரண்டினாள். "கோவம். அந்த யோலண்ட் தினம் காலைல அவன் சடைக்கு எண்ணெ தடவுறா. கேமராவுல மின்னணுமாம். ஒவ்வொரு சடையா, ஒரு மணி நேரம். இவனும் பூனை மாதிரி கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கான். நான் தொட்டா மட்டும், 'தூங்க விடுடி'ம்பான்."

"அதான் வெட்டிட்ட."

"வெட்டணும்னு நூறு தடவ நெனச்சேன். செஞ்சது வேற." குரல் இறங்கியது. "சமையல் கூடாரத்துலேர்ந்து உப்பு அள்ளிட்டு வந்து பானைல போட்டுட்டேன். ஒரு கை நிறைய. விரதக்காரன் பானைல உப்பு! தெரிஞ்சா என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். சொல்லிடாதீங்கம்மா."

"சடைய விட இதுக்குத்தான் பயப்படுறியா?"

"சடைய நான் வெட்டலயே."

சார்ஜெண்ட் அவள் தோளைத் தொட்டாள். "சொல்லாம முடியாது பன்சி. எந்திரி."

பாதாம் மரத்தடியில் எல்லோரும் கூடினார்கள்.

"எஸ்ரா," என்றாள் சார்ஜெண்ட். "நேத்து குழம்பு எப்படி இருந்துச்சு?"

பன்சி முகத்தை மூடிக்கொண்டாள்.

"உப்பு," என்றான் எஸ்ரா. "வாயில வச்சதும் தெரிஞ்சுது. யார் கோவம்னும் தெரிஞ்சுது."

மரத்தடியில் முணுமுணுப்பு.

"ஏன் துப்பல?"

"துப்பினா அவளை விரட்டிடுவாங்க. முழுங்கிட்டேன். நஃப்தாலியும் ஒண்ணும் சொல்லல. நல்லவன், அவ மானத்தக் காப்பாத்துறான்னு நெனச்சேன்."

பன்சி கையை எடுத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

சார்ஜெண்ட் திரும்பினாள். "நஃப்தாலி. ரெண்டு குடுக்கை சாப்பிட்டீங்க. ஒரு கல்லு உப்பு இல்லன்னீங்க."

நஃப்தாலியின் வாய் திறந்தது. "அது... அவளுக்காகத்தான் மறைச்சேன்."

"அவளுக்காகவா? காலைல முதல் ஆளா அவளை விரட்டச் சொன்னது நீங்க. உப்பு உங்க நாக்குல பட்டிருந்தா, சடைக்கு முன்னாடி அதைத்தான் சொல்லிக் கத்தியிருப்பீங்க. இவங்க கல்லெடுத்து அடிச்சிருப்பாங்க. பதினோரு வருஷமா உப்பு படாத நாக்கு ஒரு கை உப்பைக் கவனிக்காம விடுமா?"

நஃப்தாலி மேளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அவ அந்தப் பக்கம் போனப்ப மாத்திரையப் பானைல போட்டுட்டீங்க. அதனால நீங்க சாப்பிட முடியல. இருட்டுல மண்ணுல கொட்டிட்டு, வாய மட்டும் அசைச்சீங்க. அவன் தூங்கினதும் வெட்டி, அவ கூடைல வச்சீங்க. காலைல பானையத் தேச்சு மாத்திரையக் கழுவியாச்சு. உப்பு இருந்ததுதான் உங்களுக்குத் தெரியாது. ராஸ்தா பானைல உப்பு இருக்காதுன்னு நெனச்சீங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்."

நஃப்தாலி எழுந்தான். சார்ஜெண்டைப் பார்க்கவில்லை. எஸ்ராவைப் பார்த்தான்.

"ஒரே நாள்லதானே விரதம் எடுத்தோம்? பாட்டுல பாதி என்னோடதுதானே? என் சடைதான்டா நீளம். வேணும்னா அளந்து பாரு. உனக்கு எண்ணெ தடவ ஒருத்தி, உப்பு போட ஒருத்தி. அந்தக் கேமரா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என் மூஞ்சியப் பாத்துச்சா?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றான் எஸ்ரா.

"கேட்டா குடுத்திருப்பியா?"

எஸ்ரா யோசித்தான். "மாட்டேன்."

நஃப்தாலியை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியபோது நரைத்த தாடிக்காரர் மேளத்தைத் துணியால் மூடினார். பாபிலோன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மதியம் டைரக்டர் பொய்ச்சடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எஸ்ரா அதைத் தொடவில்லை. துண்டை எடுத்துப் பன்சியிடம் கொடுத்தான். முள்முள்ளாக நின்ற தலையோடு, தண்ணீரைப் பார்க்காமல், படகின் முனையில் போய் நின்று பாடினான். டைரக்டர் இரண்டாவது தடவை எடுக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் பன்சி பானையை அடுப்பில் ஏற்றினாள். எஸ்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"உப்பு?" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"வேணாம்." தலையைத் தடவிக்கொண்டான். "கோவம் வந்தா மட்டும் போடு."