பச்சைத் தரை

கத்திரி வெயிலில் கொல்லைப்புறத்துச் சிமெண்ட் தரை கொதித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு எதுவோ ஈரமாக, பச்சையாகப் படர்ந்திருப்பதை அரங்கநாதன் பார்த்தார்.

குனிந்தார். வாத்துப்பாசி. கடுகைத் தட்டையாக்கியது போன்ற சின்னச் சின்ன இலைகள், ஒன்றையொன்று ஒட்டி, இடைவெளி தெரியாமல். பின்பக்கக் குட்டையிலிருந்து காலையில் அள்ளிவந்தபோது கூடையிலிருந்து சொட்டியிருக்கும். ஆனால் இந்த வெயிலுக்கு அது எப்போதோ கருகியிருக்க வேண்டும். விளக்குமாற்றை எடுத்து ஒரு தள்ளு தள்ளினார். பச்சை விலகியது. விலகிய இடத்தில் சிமெண்ட் இல்லை. கறுப்பாக இருந்தது. அவர் கண்ணைக் கசக்குவதற்குள் பாசி இரண்டு பக்கமிருந்தும் சத்தமில்லாமல் நகர்ந்து வந்து மூடிக்கொண்டது.

அந்தக் குட்டை, பீங்கான் பட்டறைகளுக்காகக் களிமண் வெட்டிய பழைய பள்ளம். இரண்டு ஆள் ஆழம். கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டிப் புல்கெண்டை வளர்த்த அரங்கநாதன், தீவனத்துக்காக அதில் பாசியை விட்டிருந்தார். பாதியை அள்ளி மீதியை விட்டால் இரண்டொரு நாளில் மறுபடி மூடிவிடும். அள்ளியதைப் பச்சையாகக் கொஞ்சம் மீனுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தை நிழலில் தார்ப்பாய் விரித்து உலர்த்துவார். டீத்தூள் மாதிரி நொறுங்கும் பதம் வந்ததும் நீல டிரம்மில் கொட்டி மூடிவைப்பார். மழை நாளைக்கு ஆகும்.

அள்ளாமல் விட்டால் குட்டை குட்டையாகவே தெரியாது. புல்தரை மாதிரி இருக்கும். அதனால் சுற்றிலும் கழி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்.

பக்கத்து வீட்டு மதிவாணன் பீங்கான் பட்டறையில் களிமண் மிதிக்கிற வேலை பார்த்தவன். பொழுது சாய்ந்ததும் குட்டை ஓரத்துப் பொதுப்பாதை வழியாகத்தான் வீட்டுக்குப் போவான். அந்தப் பாதையை அரங்கநாதன் முள் வெட்டிப் போட்டு அடைத்தார். ஜங்ஷன் ரோட்டு டீக்கடையில், அத்தனை பேர் பார்க்க, அவரைவிட ரொம்பச் சின்னவனான மதிவாணன் அவர் கன்னத்தில் அறைந்தான். கிளாஸ் விழுந்து உடைந்தது. யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் பதிலுக்குக் கையை ஓங்கவில்லை. முள்ளை எடுத்துவிட்டார். பாசி அள்ளுவதை நிறுத்தினார். நல்ல மழை பெய்து தண்ணீர் பாதையோரம் வரை ஏறிய அன்று, கழிகளையும் கயிற்றையும் பிடுங்கினார். பாதை நடுவில் உடைந்த பீங்கான் சில்லுகளை ஒரு கூடை கொட்டினார், ஒதுங்கி நடக்கட்டும் என்று.

அந்திக் கருக்கலில் மதிவாணன் ஒதுங்கி நடந்தான். தண்ணீர்ச் சத்தம் ஒரு தடவைதான் கேட்டது. அரங்கநாதன் மீனுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது பாசி ஒரு கீறல் இல்லாமல் மூடியிருந்தது.

குடித்துவிட்டு விழுந்திருப்பான் என்று ஊர் பேசியது. காரியம் முடிந்த பிறகு அவன் மனைவி கண்ணம்மாள் வந்து நின்றாள்.

"கயிறு எங்கண்ணே போச்சு?"

"இத்துப்போச்சும்மா. புதுசு கட்டலாம்னு அவுத்தேன்."

"வழியில சில்லு கொட்னது யாரு?"

அவர் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"எங்க வூட்டுக்காரரு சாராயத்த மோந்துகூடப் பாத்ததில்ல. அது உங்களுக்கே தெரியும்."

மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று நினைத்தார். அவள் நேராகக் குட்டைக்குப் போனாள். இரண்டு கையாலும் பாசியை அள்ளிவந்து அவருடைய சிமெண்ட் தரையில் வீசினாள்.

"இதுவும் தரதான். நடந்து பாரு."

அவர் மனைவி செல்வநாயகிதான் அதைக் கூட்டித் தள்ளினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, அவர் மறுபடி பாசி அள்ளி மீனுக்குப் போட்டபோதும், தொட்டி மீனை அவள் சமைக்கவேயில்லை.

இப்போது அவளைக் கூப்பிட்டார்.

"செல்வி, கல்லுகிட்ட பச்சையா இருக்குது பாரு."

"எங்கங்க?" அவள் அதன்மேலேயே வந்து நின்றாள். "தரைங்க. கால சுடுது." சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, பச்சைக்குள் விட்டார். முழுசும் போனது. கொடிக்கம்பை எடுத்துவந்து இறக்கினார். அதுவும் போய்க்கொண்டே இருந்தது, அவர் விரல் பாசியைத் தொடும்வரை. அடி தட்டவில்லை. உருவி எடுத்தபோது கம்பு முழுக்க ஈரம். அழுகின களிமண் நாற்றம்.

பொழுது இறங்குமுன் அந்தப் பச்சை அரிசி முறம் அகலத்துக்கு வந்துவிட்டது.

"ஸ்ரீமுஷ்ணத்துல உங்கண்ணன் வூட்டுக்குப் போயி கொஞ்ச நாளு இருந்துட்டு வரலாமா?" என்று கேட்டார். செல்வநாயகி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கிப் போவலாம். இன்னிக்கிப் பிரதோஷம். கோயிலுக்குப் போயிட்டு வரேன்."

அவள் போன பிறகு வீடு ரொம்ப நிசப்தமாக இருந்தது. மீன்கள் பசியில் தண்ணீரை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. குட்டைக்குப் போக அவருக்குத் துணிவில்லை. சுவரை ஒட்டியே நடந்து நீல டிரம்மிடம் போய் மூடியைத் திறந்தார். உலர்ந்த பாசி, சலசலவென்று. நிம்மதியாக இருந்தது. அள்ளக் கையை விட்டார். முழங்கை வரை போனது. தோள் வரை போனது. டிரம் அவர் இடுப்பு உயரம்தான். இந்நேரம் அடி தட்டியிருக்க வேண்டும். விரல் நுனியில் சில்லென்று ஏதோ பட்டது. அது அவருடைய விரல்களுக்கு இடையில் தன் விரல்களைக் கோத்துக்கொண்டது.

பிடுங்கிக்கொண்டு ஓடினார். தொட்டிச் சுவரில் மோதி, ஏறி நின்று திரும்பினார்.

தரை இல்லை. துவைக்கிற கல்லிலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும், கொல்லைக் கதவு வரைக்கும், எல்லாம் ஒரே மட்டமாகப் பச்சை. காற்று இல்லை. ஆனாலும் நடுவில் ஓரிடத்தில் பாசி லேசாக மேலேறி, இறங்கியது. மறுபடி ஏறி, இறங்கியது. மூச்சு விடுவது போல. தொட்டிக்குள் மீன்கள் அடியில் ஒன்றாக அண்டிக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

கத்தினார்.

கொல்லைக் கதவு திறந்தது. நெற்றி நிறைய விபூதியோடு செல்வநாயகி.

"வராத! செல்வி, வராத!"

அவள் வந்தாள். பச்சையின் மேல் நடந்து வந்தாள். அவள் மூழ்கவில்லை. ஓர் இலைகூட நலுங்கவில்லை.

"என்னங்க, தொட்டி மேல ஏறி நிக்கிறீங்க?"

"தண்ணி... கீழ தண்ணி..."

"எறங்குங்க. தரைதாங்க." கையை நீட்டினாள்.

அந்தக் கை சூடாக இருந்தது. மனிதக் கை. அவருக்கு அழுகை வந்தது. ஒரு காலை வைத்தார். சுட்டது. கெட்டியாக இருந்தது. சிமெண்ட். வெறும் சிமெண்ட். சிரிக்கப் போனார். மறு காலையும் வைத்தார்.

சில்லென்றது.

அவள் கை நழுவியது.

இருட்டு. வாயெல்லாம் களிமண். மேலே மங்கலாகப் பச்சை வெளிச்சம். உதைத்து மேலே வந்தார். தலை இடித்தது. கையால் அடித்தார். கெட்டி. கல் மாதிரி கெட்டி.

அதற்கு மேல், செல்வநாயகியின் இரண்டு பாதங்கள். அங்குமிங்கும் ஓடின. "ஏங்க... ஏங்க..." குரல் எங்கோ தூரத்தில்.

அடித்தார். அடித்தார்.

அவளுடைய பாதங்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாதங்கள் இருந்தன. அகலமானவை. குதிகால் வெடிப்புகளில் வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. அவை ஓடவில்லை. அவர் முகத்துக்கு நேர் மேலே வந்து நின்றன.

பிறகு ஒன்று உயர்ந்து இறங்கியது. மற்றது உயர்ந்து இறங்கியது. ஒவ்வொரு மிதிக்கும் பச்சை ஒரு விரற்கடை கீழே வந்தது. களிமண்ணைப் பதமாக்குகிறவன் மிதிப்பது போல, அவசரமே இல்லாமல், அவை மிதித்துக்கொண்டிருந்தன.